கப்பல் தளத்துக்குக் கல்யாணக் கூடாரம் தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் கூடாரம் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண வீடு, துக்க வீடு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் என்று இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. என் அண்ணன் மகன் கடற்படையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவன், "சித்தப்பா, உங்கள் மடக்குக் கூடாரத்தைக் கப்பல் தளத்தில் போட்டால் நிற்குமா? வெயிலில் துரு சுரண்ட முட்டி போட்டால் இரும்பு சுடுகிறது" என்று கேட்டான். நிற்காது என்றேன். ஆனால் அந்தப் பையன்களுக்கு நிழல் கட்டாயம் வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கம் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா காற்று என்கிற திடீர் இடிமழைக் காற்று வரும், பெரும்பாலும் விடியற்காலையில், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கடலோரத்தில் நான் கட்டிய கூடாரம் ஒன்று அப்படித்தான் காலோடு பிடுங்கிக்கொண்டு போனது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. தரையிலாவது முளை அடிக்கலாம். இரும்புத் தளத்தில் எங்கே அடிப்பது? தளத்தோடு பற்றவைத்த வளையங்களில்தான் கட்ட வேண்டும். ஹெலிகாப்டர் தளத்தில் அப்படி வளையங்கள் ஏற்கெனவே இருக்கும், ஆனால் ஹெலிகாப்டர் வருவதற்கு முன் ஒரு துண்டுக் கயிறுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

மழையும் சும்மா விடாது. துணி தொய்ந்து ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ, அதனால் கூரை நல்ல சரிவாக இருக்க வேண்டும். துணி பிவிசி பூசிய கனமான பாலியஸ்டர், அதுவும் எளிதில் தீப்பிடிக்காத வகை, ஏனென்றால் பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும். சட்டம் அலுமினியம் என்றால் கப்பல் இரும்பை நேரடியாகத் தொடக்கூடாது, இடையில் ரப்பர் வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டும் சேரும் இடத்தில் அரிப்பு வேகமாக வரும்.

நிழல் ஆட்களுக்கு மட்டுமில்லை, பெயிண்டுக்கும் வேண்டும். பொதுவாக ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் அடிக்கமாட்டார்கள், இரும்பின் சூடும் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். கூடாரத்தால் ஈரப்பதம் குறையாது, சரி, ஆனால் மேலே மறைப்பு இருந்தால் இரவில் தளத்தில் பனி அவ்வளவாகப் படியாது, திடீர் மழையில் அன்றைய வேலை பாழாகாது. மத்தியான வெயிலில் கொதிக்கிற இரும்பில் அடித்தால் பெயிண்ட் கொப்பளித்துவிடும், அதற்கும் நிழல்தான் மருந்து.

இது புதுசும் இல்லை. நீராவிக் கப்பல் காலத்திலேயே இந்தப் பக்கம் வந்த போர்க்கப்பல்கள் துறையில் நிற்கும்போது தளம் முழுக்கக் கித்தான் விரித்துக் கட்டின, கிளம்பும்போது சுருட்டி வைத்தன. கூடாரமும் துறையில் நிற்கிறபோதுதான். கடலில் போகும்போது வேண்டவே வேண்டாம்.

கூடாரம் வாங்குகிற கடற்படை அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எவ்வளவு காற்றைத் தாங்கும் என்ற சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். கட்டப்போகிற பையன்களையே தளத்தில் ஒருமுறை விரித்து மடக்கச் சொல்லி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கூடாரக்காரர்,
பட்டர்வொர்த், பினாங்கு