எங்கட நெடுந்தீவுப் படகும் கரப்பொத்தானும்

அன்பு மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், பிள்ளையள் சுகமே? உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டனான், பதில் போடத்தான் பிந்திப் போச்சு, குறை நினைக்காத. உங்க ஸ்காபரோவில அப்பார்ட்மெண்டுக்குள்ள சின்னக் கரப்பொத்தான் வந்திட்டுதெண்டு சொன்னாய்தானே, எனக்கும் இஞ்ச ஒன்றரை மாசமா அதே பாடுதான், ஆனா வீட்டில இல்லை, படகில.

குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்கு ஆக்களோட சாமானும் ஏத்துறம்தானே. பிஸ்கற் பெட்டி, முட்டை அட்டை, வெங்காயச் சாக்கு, இதுகளோடதான் வந்திருக்கு. ஒருநாள் ஒரு பிள்ளை கைக்குழந்தையோட ஏறி, பால் போத்திலைச் சீற்றில வச்சிட்டு ரிக்கெற் காசு எடுக்கிறா, போத்தில் நிப்பிளில ஒண்டு ஏறி நிக்குது. அவ ஒரு வார்த்தை சொல்லேல்லை, சோல் தலைப்பால துடைச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தா. ஏசியிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும் மச்சான், அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரையே வரேல்லை.

உடன ஸ்பிறே வாங்கி அடிச்சன், ரெண்டு நாள் குறைஞ்சுது, பேந்து முந்தியிலும் கூட. இது அந்த ஜெர்மன் கரப்பான், தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புக் கோடு இருக்கும், அரை இஞ்சிக்குச் சொட்டுக் கூட நீளம். தாய் முட்டைப் பையை வயித்தடியிலயே கொண்டு திரியும், ஒரு பைக்குள்ள 30, 40 முட்டை, ஸ்பிறே அதுக்குள்ள போகாது. மருந்து மணத்துக்கு மிச்சம் எல்லாம் இன்னும் உள்ளுக்க உள்ளுக்கப் போய் ஒளிக்குது. எஞ்சின் பக்கத்தில ஸ்பிறே அடிக்கிறதும் நெருப்புக்கு வழி.

இன்னொருத்தர் வந்து அரிசி மூட்டைக்குப் போடுற குளிசையைக் கபினுக்குள்ள வச்சுப் பூட்டெண்டு சொன்னார். நான் ஒரேயடியா மாட்டன் எண்டிட்டன். அது ஈரம் பட்டால் பொஸ்பீன் எண்ட வாயுவை விடும், படகில எங்க ஈரம் இல்லை சொல்லு, பெடியள் ராத்திரியில அதுக்குள்ளதான் படுக்கிறவங்கள். ஆக்கள் செத்திருக்கினம் மச்சான், உனக்கும் ஆரும் சொன்னால் கிட்டவும் எடுக்காத.

பிறகு ஒருநாள் ஓட்டமில்லாத ராத்திரி, ரோச் லைற்றில சிவப்புப் பேப்பர் சுத்திக்கொண்டு உள்ளுக்க இருந்து பாத்தன், சிவப்பு வெளிச்சம் அதுகளுக்குப் பெரிசாத் தெரியாது. எல்லாம் ஒரு பக்கமாப் போகுது. எங்க எண்டால் குடிதண்ணி பரலுக்கு! பைப் வாசர் தேஞ்சு சொட்டுச் சொட்டா ஒழுகி அடியில பலகை ஊறிக் கிடக்கு, அதில நிண்டு குடிக்குதுகள். தண்ணி கிடைச்சால் ஒரு மாசம் சாப்பாடில்லாமல் கிடக்கும், தண்ணி இல்லாட்டி ரெண்டு கிழமை தாங்காது. சீற்றுக்குக் கீழ பெட்டியைத் திறந்து லைஃப் ஜாக்கெற்றைத் தூக்கினன், தையல் மடிப்புக்குள்ள மிளகுத்தூள் தூவின மாதிரி எச்சம், பொரிஞ்ச முட்டைப் பையள், கோறையா, மண்ணிறத்தில. ஆக்களின்ர உயிரைக் காக்கிற சாமான் மச்சான் அது. எல்லாத்தையும் வெளியில எடுத்து ஒவ்வொண்டாக் கழுவி ரெண்டு நாள் காயவச்சம்.

வாசர் மாத்தி, எஞ்சினடித் தண்ணியை இறைச்சுத் துடைச்சுப்போட்டுத்தான் மருந்து வச்சன். நாங்கள் கரம் விளையாடேக்க கரம் பலகையில தூவுவமே போறிக் பவுடர், அதேதான், சீனியும் கோதம்பமாவும் கலந்து சோடா மூடியளுக்குள்ள வச்சன், நனைஞ்சால் பிழை, குவிச்சு வச்சாலும் கிட்ட வராது. குழந்தையளுக்கு எட்டாத இடமாப் பாத்து வை, வாய்க்குள்ள போனால் கூடாது. கீறல் இடைவெளியளுக்குக் கரப்பொத்தான் தின்னுற மருந்து ஜெல், ஒவ்வொரு பொட்டு. ஜெல் வச்ச இடத்தில ஸ்பிறே அடிச்சிடாத, பிறகு தின்னாது. கெதியாச் சாகாது, ஒரு கிழமை பொறுக்கவேணும், முட்டை பொரிக்க ஒரு மாசம் எண்டபடியால் திருப்பித் திருப்பி வைக்கவும் வேணும். கனபேர் முதல் மாதத்தோட விடுறதாலதான் இது திரும்பி வாறது எண்டு நான் நினைக்கிறன்.

இப்ப பெட்டிச் சாமானை உள்ளுக்க விடுறேல்லை, மேல்தட்டில பிளாஸ்ரிக் கூடைக்குள்ள மாத்தித்தான் ஏத்துறம், கடைக்காரருக்குக் கொஞ்சம் கோவம்தான், பரவாயில்லை.

ஆனியில நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வாறனெண்டனி, உண்மையோ? எங்கட படகிலயே போவம். வரேக்க சிலிக்கன் அடிக்கிற துவக்கு நல்லதா ஒண்டு கொண்டு வா, குத்திக்காசு தடிப்பு வெடிப்புக்குள்ளயும் பூருதுகள், இன்னும் கன இடம் அடைக்கக் கிடக்கு. ஒட்டுற அட்டையில முதல் ராத்திரி 60க்கு மேல பட்டது, நேற்று ரெண்டு. ஒண்டு குஞ்சு, அப்ப எங்கயோ ஒரு பை பொரிச்சிருக்கு, இண்டைக்கு அந்தப் பக்கப் பலகையைக் கழட்டப் போறன்.

அன்புடன்
உன்ர கூட்டாளி