அடுத்த ஞாயிறும் வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் ஊருக்கு ஊர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு விழா நடக்கிறது. ஏப்ரல் 2-ஆம் தேதியை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007-இல் அறிவித்தது, 2008-இலிருந்து அனுசரிக்கிறார்கள். அதையொட்டி நீலச் சட்டை, பலூன், பதக்கம், மேடை நிறையப் பிரமுகர்கள் என்று பத்திரிகைகளில் படங்கள் வருகின்றன. அந்தப் படங்களின் ஓரத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள்.

நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு இப்படியொரு விழாவில் போட்டிகளை நடத்திக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். எத்தனையோ மாவட்டப் போட்டிகள் நடத்தியாயிற்று, இதற்கென்ன என்று போனேன். காலை 8 மணிக்கு வரச் சொன்ன குழந்தைகள், சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்த 9.30 வரை பந்தலில் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு பலூன்கள் வெடித்தன. முதல் ஓட்டத்துக்கு நான் விசில் ஊதினேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். உதவி செய்யத்தான் பத்துத் தன்னார்வலர்கள் ஓடினார்கள். அவனைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு பக்கம் தூக்கப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், தன் துப்பட்டாவை அவன் தலைமேல் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து இருவரும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். அவனுக்கு வைத்திருந்த பதக்கம் மேஜையிலேயே கிடந்தது.

அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எங்கள் யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை. அன்று மாலையே, இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் தெரிந்த சிறப்பாசிரியர் ஒருவரைத் தேடிப் போனேன். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் இந்தக் குழந்தைகளில் பலருக்கு வலியாக இறங்கும் என்றார். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி, ஊக்கு குத்தி மாட்டிய எண் அட்டை, பின்னாலிருந்து தோளில் விழும் கை, எல்லாம் அப்படித்தான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது அதைவிடக் கடினம். வேறு சில குழந்தைகள் இதற்கு நேர்மாறு. எவ்வளவு குதித்தாலும் சுற்றினாலும் அவர்களுக்குப் போதாது. ஆகவே குழந்தையைப் பார்ப்பதற்கு முன் அதன் பெற்றோரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், எது பிடிக்கும், எது தாங்காது என்று. அவ்வளவுதான் அவர் சொன்னது. நாங்கள் கேட்காமல் விட்டதும் அதுதான்.

இதோடு சேர்த்து ஒன்று. நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பையன் புற உலகத்தை அளவுக்கு மேல் உணர்ந்ததால்தான் தரையில் படுத்தான். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

மூன்று ஆண்டுகளாக, சில பெற்றோரும் அந்தச் சிறப்பாசிரியரும் நானும் இரண்டு மூன்று தன்னார்வலர்களுமாக ஞாயிறு காலை 6.30 முதல் 8 மணி வரை ஒரு பள்ளி மைதானத்தில் கூடுகிறோம். பதினொரு குழந்தைகள் வருகிறார்கள். மேடை, மைக் எதுவும் கிடையாது. விசிலுக்குப் பதில் பச்சைக் கொடி. அன்றைக்குச் செய்யப்போவதை வரிசையாகப் படங்களாக ஓர் அட்டையில் ஒட்டிவைப்போம்: நடை, பந்து, பாண்டி, தண்ணீர், வீடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தைக் குழந்தையே எடுத்து டப்பாவில் போடும். வேப்பமரத்தடியில் ஒரு பாய் விரித்திருக்கும். போதும் என்று தோன்றினால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம், யாரும் திரும்பக் கூப்பிட மாட்டோம். ஒரு சிறுமி கேட்டைத் தாண்டி உள்ளே வருவதற்கே ஐந்து ஞாயிறு ஆயிற்று.

விழாக்களில் மியூசிக்கல் சேர் தவறாமல் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பாட்டு திடீரென்று நிற்கும், இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், இடம் கிடைக்காவிட்டால் வெளியே போக வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு எதெல்லாம் கஷ்டமோ அதெல்லாம் அந்த ஒரே விளையாட்டில் இருக்கிறது. பாண்டி நன்றாக வருகிறது. எங்கே கால் வைக்க வேண்டும் என்று தரையில் போட்ட கட்டமே காட்டிக்கொடுக்கிறது. வாளியில் பந்து போடுவதும் அப்படித்தான்.

ஒரு பையன் ஓட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடுவான். கோட்டைத் தாண்ட மாட்டான். அதன்மேல் கால் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பான். நானாக இருந்தால் "தாண்டு, தாண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன். அவனோடு இருந்த மாணவி, "சார், அவனுக்குக் கோடுதானே பிடிக்குது, கோட்டையே ஓடற பாதையா போட்டா என்ன?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சுண்ணாம்புப் பொடியில் 50 மீட்டருக்கு ஒரே ஒரு கோடு போட்டோம். அதன்மேல் ஒரே மூச்சாக ஓடினான். திரும்பி ஓடி வந்தான். அன்று ஆறு தடவை. அந்தப் பெண் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விளையாட்டுப் பயிற்சி எதுவும் பெற்றவள் இல்லை. ஏழு வாரம் அவன் பக்கத்திலேயே நடந்திருக்கிறாள். ஒரு நாள் விழாவுக்கு வந்துபோயிருந்தால் அது அவள் கண்ணில் பட்டிருக்காது.

நேர்மாறாகவும் நடந்தது. இன்னொரு மாணவர் எட்டு வாரம் வந்தார். யார் கையையும் பிடிக்காத குழந்தை அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். அப்புறம் தேர்வு வந்தது, நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நிற்பதற்கு முன் சொல்ல வேண்டும் என்று நாங்கள்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மூன்று ஞாயிறும் அந்தக் குழந்தை, அவர் பைக் நிறுத்தும் இடத்திலேயே நின்றாள். மைதானத்துக்குள் வரவே இல்லை.

குழந்தையோடு விளையாடுவது மட்டும்தான் தன்னார்வலர் வேலை என்று நினைத்து வருகிறார்கள். எங்களுக்கு மிகவும் வேண்டியவர் கேட்டில் நிற்பவர். சில குழந்தைகள் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே போய்விடுவார்கள். தண்ணீரைக் கண்டால் நேராக அதை நோக்கித்தான் போவார்கள். மைதானத்தைச் சுற்றிக் கிணறு, தொட்டி, வாய்க்கால் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவைக்க வேண்டும். கேட்டில் ஓர் ஆள் ஒன்றரை மணி நேரமும் போனைப் பார்க்காமல் நிற்க வேண்டும். அவர் நின்றால்தான் பெற்றோரால் உட்கார முடியும். ஓர் அம்மா என்னிடம் வந்து, "நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் உட்காரலாமா சார்?" என்று அனுமதி கேட்டார். எட்டு வருஷமாகப் பொது இடத்தில் பிள்ளையின் மணிக்கட்டை விட்டதில்லையாம்.

இவர்களைப் போட்டிக்குத் தயார்செய்யலாமே என்று கேட்பவர்கள் ஜியா ராயைச் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ள அந்தச் சிறுமி 2022 மார்ச் 20 அன்று, 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை பாக் நீரிணையை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் எங்கள் பதினொரு பேரில் யாரும் எதையும் கடக்க வேண்டிய அவசியம் இல்லை. மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள், யாராவது அவர்களிடம் சாதனை கேட்கிறார்களா? 1968-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் ஒரு முறை உண்டு. அது எனக்குப் பிடித்திருக்கிறது. தன்னார்வலரும் கூட ஆடுபவராகவே வர வேண்டும்.

இனி கல்லூரிகளுக்கு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். வருடத்தில் 40 ஞாயிறு, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி நேரம். ஓர் ஆண்டுக் கணக்கில் பாதி அதிலேயே முடிந்துவிடும். விழாவுக்கு அறுபது பேரை ஒரு நாள் அனுப்புவதற்குப் பதில், ஐந்து பேரை ஆண்டு முழுக்க அனுப்புங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று அதன் 30-ஆவது பிரிவு சொல்கிறது. சரி, மைதானத்தை அரசு கொடுக்கட்டும். கேட்டில் நிற்க ஆள் நம்மிடமிருந்துதானே வர வேண்டும்?

வருகிறவர்கள் விசில் கொண்டுவர வேண்டாம். சென்ட் பூசிக்கொள்ள வேண்டாம். பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம். முதல் வாரம் பாயில் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும், பழக்கமான முகமாக ஆவதே பெரிய உதவி. நிறுத்த வேண்டி வந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஆனால் மூன்று வாரம் முன்னால் சொல்லுங்கள். காலண்டரில் தேதியை வட்டம் போட்டுக் காட்டி அந்தக் குழந்தையைத் தயார்படுத்த எங்களுக்கு அவ்வளவு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி