கடைமடைக்காரர்களுக்கு முதல் வணக்கம்

அன்புடையீர்,

பாரம்பரிய நெல் விதையைக் காப்பது பற்றி நமக்கு நாமே நடத்திக்கொண்ட எட்டு வார இணைய வகுப்பு சென்ற ஞாயிற்றுக்கிழமை நிறைவடைந்தது. வாத்தியார் என்று ஒருவர் இல்லாததால் மாலை போட ஆள் கிடையாது. ஆகவே இந்த மடல்.

முதலில் ஓர் ஒப்புதல். நாங்கள் நான்கு பேர் மன்னார்குடியில் உட்கார்ந்து போட்ட அட்டவணை உருப்படாத அட்டவணை. டெல்டா முழுவதும் ஒரே வாரத்தில் ஓய்வாக இருக்கும் என்று நம்பிவிட்டோம். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும், அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றுக் கிளைகள் வழியே பாசனத்தின் கடைசி முனையான கடைமடைக்கு, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்ச் சேர நாளாகும். மேலே நடவு நடக்கும்போது கீழே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இது தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். தாளில் கட்டம் போடும்போது மறந்துபோனது.

அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னவர் தலைஞாயிறு அக்கா. “தண்ணீருக்குக் காத்திருக்கிற நாங்கள் முதல் மூன்று வாரம் நடத்துகிறோம். எங்களுக்குத் தண்ணீர் வரும்போது உங்கள் நடவு முடிந்திருக்கும். மீதியை நீங்கள் பாருங்கள்” என்றார். எனக்கு நினைவு தெரிந்து கடைமடை முந்திக்கொண்ட காரியம் இது ஒன்றுதான். அக்காவுக்கு நன்றி.

முதல் வகுப்பில் ஒருவர் பேச, மற்றவர்கள் கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல் வாய் திறக்காமல் இருந்தார்கள். பாபநாசத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாதான் ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கேள்வி கொடுத்து, வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

வேதாரண்யத்து அண்ணனின் முட்டையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நல்ல விதையைப் பிரித்தெடுக்கக் கலக்கும் உப்புக் கரைசலில் முட்டை மிதக்க வேண்டும். அவர் போட்ட முட்டையோ வாளியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. 1930இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்த மண்ணின் மைந்தர், உப்பைக் குறைத்துவிட்டார்! பிறகு பிடி பிடியாகச் சேர்க்க, முட்டை எழும்பி, அதன் தலை நாணய அளவுக்கு வெளியே தெரிந்தது. விதையைக் கொட்டியதும் பதர் மிதந்தது, மணி பிடித்த நெல் அமிழ்ந்தது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் முளைப்பு கெடும் என்று அப்போது குறுக்கிட்டவர் கொரடாச்சேரித் தம்பி. சென்ற ஆண்டு கழுவாமல் விட்டு, நாற்றங்காலைப் பறிகொடுத்த கதையையும் கூச்சப்படாமல் சொன்னார். ஒத்திகை பார்த்துச் சரியாகச் செய்திருந்தால் அந்த அரை மணி நேரம் இவ்வளவு மனத்தில் தங்கியிருக்காது.

சிக்னல் கிடைக்காதவர்களுக்காக ஒவ்வொரு வகுப்பையும் ஐந்து நிமிடக் குரல்பதிவாகச் சுருக்கி அனுப்பிய நீடாமங்கலம் கல்லூரி மாணவிக்கும், அந்த நேரத்தில் கைப்பேசியை விட்டுக்கொடுத்த அவருடைய அம்மாவுக்கும் நன்றி. பசு கன்று ஈன்றதால் பாதியில் எழுந்து போனவர் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கன்றின் படம் அருமை.

ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். நம் வகுப்பில் தூயமல்லியும் கருப்புக் கவுனியும் வாங்கியவர்களுக்கும் அதே கணக்குதான். அறுவடை முடிந்ததும் கேட்போம்.

வேதாரண்யத்து அண்ணனுக்கு மட்டும் தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறோம். உள்ளே ஒரு கிலோ உப்பு. கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், தெரியும்.

அன்புடன்,
மன்னார்குடி நால்வர்