தீர்மானத்தை எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சிகளின் ஆய்வாளர் பொறுப்பும் தங்களிடமே இருப்பதால் இந்த மடல். ஆகஸ்ட் 15 கிராம சபை பற்றிய அறிக்கை தங்கள் மேசைக்கு வந்திருக்கும். வருகை எண்ணிக்கையும் புகைப்படமும் அதில் இருக்கும். தீர்மானப் புத்தகம் எப்படி நிரம்பியது என்பது மட்டும் இருக்காது.

கூட்டம் தொடங்கும்போதே புத்தகம் சுற்றுக்கு வந்துவிட்டது. தலைப்பில் தேதியும் இடமும் எழுதி, கீழே 2 பக்கத்தை வெள்ளையாக விட்டு, 3-ஆம் பக்கத்திலிருந்து கையெழுத்துக்கு வரிசை எண் போட்டிருந்தார்கள். மை ஒற்றிக் கைநாட்டு வைத்த பாட்டிகள் உட்பட எல்லாரும் அந்த வெற்றுத்தாளுக்குத்தான் ஒப்புதல் கொடுத்தோம். கேட்டவர்களுக்கு, "ஆபீசுல போய் எழுதிக்குவோம்" என்று பதில் வந்தது.

கடைசித் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் சரியாக வருவதில்லை. வழியில் உள்ள வீடுகளிலேயே அழுத்தம் போய்விடுகிறது. தனி வால்வு போட்டு, அந்தத் தெருவுக்கென்று தனி நேரம் ஒதுக்கித் திறந்துவிடுங்கள் என்று பெண்கள் எழுந்து கேட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. பிறகு புத்தகத்தில் ஏறியது ஒரே வரி: "குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டது." எந்தத் தெரு, எந்த நிதி, யார் எப்போது முடிப்பது, எதுவும் இல்லை. இதை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால், "சபைத் தீர்மானம் இருக்கா?" என்கிறார்கள். நகல் கேட்டால், தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போடச் சொல்கிறார்கள். 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருந்து கைக்கு வருவதும் அதே வரிதான். அதுவரை அந்தப் பெண்கள் குடத்தோடு பக்கத்துத் தெருவில் நிற்கிறார்கள்.

ஊராட்சிச் செயலரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். மேலிருந்து வரும் பொருள் பட்டியலை வாசித்து முடிப்பதற்குள்ளேயே வெயில் ஏறிவிடுகிறது. ஊர்க் கோரிக்கை 'இதர பொருள்கள்' என்று கடைசியில் நிற்கிறது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, 200. ஆள் சேராவிட்டால் புத்தகம் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போகிறது. கையெழுத்து எண்ணிக்கையை மட்டும் கேட்கும் நிர்வாகத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் கிடைக்கும்.

உத்திரமேரூர்ச் சபையார் 919-லும் 921-லும் எடுத்த முடிவுகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அந்தச் சபையில் எல்லாருக்கும் இடமில்லை. இன்றோ வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். அரசியலமைப்பின் 243-ஏ பிரிவிலேயே சபை இருக்கிறது. அப்படிப்பட்ட சபையின் முடிவு அதன் உறுப்பினர்கள் கண்ணிலேயே படாமல் எழுதப்படுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்தருள வேண்டும். நாங்கள் கேட்பது, தீர்மானத்தை அங்கேயே எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுதான். ஊர்க் கோரிக்கையை முதலில் எடுக்கட்டும். செயலர் கூட்டத்தைக் கவனிக்கும்போது எழுதுவதற்கு இன்னொருவர் இருக்கட்டும். ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதியவுடன் உரக்க வாசித்து, திருத்தம் கேட்டு, கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நேர் கீழே கையெழுத்துத் தொடங்கட்டும். இடையில் வெற்று வரி இருந்தால், கூட்டத்தைப் பார்வையிட வரும் அலுவலரான பற்றாளர் அடித்துவிட்டுச் சுருக்கொப்பமிடட்டும். அன்று மாலையே நகலை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு 7 நாள் முன்பு அறிவிப்பு வெளியாகும்போதே, இந்த நடைமுறையைச் சொல்லும் சுற்றறிக்கையும் எல்லா ஊராட்சிகளுக்கும் போய்ச் சேரும்படி தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெற்றுத்தாளில் கையெழுத்திட்ட கிராம சபை உறுப்பினர்கள்