அது ஒடஞ்ச முதுகெலும்பு இல்லீங்க

அறிவியல் போட்டி ஏற்பாட்டுக் குழு ஐயா அம்மா எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை டேவான்ல, அதான் மண்டபத்துல, நடந்தது உங்களுக்கே தெரியும், ரெண்டு தடவ மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல, அதான் இங்க எழுதுறேன்.

எம்மக எரியோப்ஸ் முதுகெலும்ப களிமண்ணுல செஞ்சிருந்தா. சுமார் 29 கோடி வருஷத்துக்கு முன்னாடி, இப்ப டெக்ஸஸ் இருக்கற பக்கம் வாழ்ந்த ஆறடி நீர்நிலவாழ்வி, டெம்னோஸ்பாண்டில்ங்கற கூட்டத்தச் சேந்தது. நமக்கு முதுகெலும்புல ஒரு கணுவுக்கு ஒரே கட்டதான், அதுக்கு அப்படி இல்ல. அடியில பிறை மாதிரி பெரிய துண்டு ஒண்ணு, பின்னால மேல ரெண்டு பக்கமும் குட்டித் துண்டு, அதுக்கும் மேல தண்டுவடத்த மூடுற வளைவு. ஆக நாலு. ஒம்பது கணுவுக்கு 36 துண்டு, மூணு வாரம் உக்காந்து செஞ்சு கம்பில கோத்து, மைலோ டின்ல பஞ்சு வச்சு பட்டர்வொர்த்துலேர்ந்து பெர்ரிப் படகுல மடியிலயே வச்சுட்டு வந்தா, ஒண்ணுகூட ஒடையல.

நீதிபதி ஐயா பாத்துட்டு "ஒடஞ்சு போச்சே, கம் போட்டு ஒட்டியிருக்கலாம்ல"ன்னாரு. மார்க் ஷீட்ல 'ரோசாக்'னு, அதாவது மலாய்ல ஒடஞ்சதுன்னு, எழுதி 15 மார்க் கழிச்சாச்சு. புள்ள அங்க வாயே தொறக்கல. திரும்புறப்ப பெர்ரிலதான் கேட்டா, "அப்பா, டெம்னோஸ்பாண்டில்னாலே வெட்டுப்பட்ட முதுகெலும்புன்னுதானே அர்த்தம்?" நான் என்னத்த சொல்ல.

அந்த மார்க் ஷீட்ட மறுபடி பாருங்க, அவ்ளோதான் கேக்குறேன். பரிசு வேணாம்.

வினிகர் ஊத்துனா பொங்குற எரிமலைக்குத்தான் வருஷா வருஷம் மொத பரிசுங்கறது ஊருக்கே தெரியும், அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மால மரியாத பேச்சு வேற, சரி அத விடுங்க, கோவத்துல எங்கயோ போறேன். இக்தியோஸ்டெகான்னு இன்னும் பழைய விலங்கு ஒண்ணு, அதோட கணுவுல எந்தத் துண்டு முன்னாடி எது பின்னாடின்னு ரொம்ப வருஷமா நெனச்சிருந்தது தலைகீழுன்னு 2013ல எக்ஸ்ரே எடுத்துப் பாத்து ஆராய்ச்சியாளருங்களே திருத்துனாங்க. அவங்களுக்கு வராத வெக்கம் ஒரு மார்க் ஷீட்ட திருத்த நமக்கு எதுக்குங்க?

தயவு செஞ்சு மறுபடி பாருங்க, இல்லன்னா கழிச்சதுக்குக் காரணத்தையாவது எழுதிக் குடுங்க. மாடல் இன்னும் உங்க ஸ்டோர்லதான் இருக்கு. வர்ற சனிக்கிழமை வந்து எடுத்துக்கறோம், அதுவரைக்கும் யாரும் நல்லது செய்யறோம்னு கம் போட்டு ஒட்டிடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு ஆறாம் ஆண்டு மாணவியோட அப்பா