பேஸ் வாங்கப் போகும் செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆன கையோடு பேஸ் கிடாரை மறுபடி எடுக்கப் போகிறாய், அதுவும் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முட்டி வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறி இறங்குகிறாள். பெரியவன் பெங்களூரிலேயே வீடு பார்த்துவிட்டான். நான் பழையபடிதான்: ஞாயிறு காலை சர்ச், யாராவது கூப்பிட்டால் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கடிதத்தில் முக்கால்வாசி எந்த பேஸ் வாங்குவது என்பதைப் பற்றி. ஆம்பைப் பற்றி, அதாவது ஆம்ப்ளிஃபயரைப் பற்றி, ஒரே ஒரு வரி, "நூறு வாட் போதுமா?" என்று. நான் இதை அப்படியே திருப்பிப் போடுவேன். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒதுக்கு. பேஸ் சாதாரணமானதாக இருக்கட்டும், ஆனால் அதை ஒழுங்காக செட்டப் (கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்வது) செய்துவிடு. பேஸில் மிகத் தடித்த கம்பியான ஈ ஸ்ட்ரிங்கை விரல் வைக்காமல் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதைக் காற்றில் கிளப்ப வேண்டியது ஸ்பீக்கரின் வேலை. எத்தனை நல்ல மரத்தில் செய்த கிடாராக இருந்தாலும், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த சின்னப் பெட்டி வழியாக அது வெளியே வராது.

பேஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1951-இல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 1960-இல் வந்த ஜாஸ் பேஸ், இன்றைக்குக் கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவைதான். இரண்டுக்கும் ஸ்கேல், அதாவது அதிரும் கம்பியின் நீளம், 34 இஞ்ச். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), கழுத்து ஒல்லி, சத்தத்தில் வகை அதிகம். ஆனால் இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்தால்தான் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் ட்யூப்லைட் இருக்கிற ஹாலில் 'ம்ம்ம்' என்று கேட்க ஆரம்பிக்கும். பிரிசிஷனில் 1957 முதல் வரும் இரண்டு துண்டு பிக்கப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். சர்ச்சுக்கு நீ பிரிசிஷன் மாதிரியே வாங்கு. பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் இப்போதைக்கு வேண்டாம். கேபிளைச் சொருகி வைத்தாலே அதன் 9 வோல்ட் பேட்டரி கரையும், பாதிப் பாட்டில் தீர்ந்தால் சத்தம் கிழியும்.

செகண்ட் ஹாண்டாக இருந்தாலும் பரவாயில்லை. கழுத்தை, ட்யூனிங் குமிழ்கள் இருக்கும் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார், முறுக்கு இருந்தால் விட்டுவிடு. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் நட்டு இரு பக்கமும் திரும்புகிறதா என்று கேட்டு, எதிரிலேயே திருப்பிக் காட்டச் சொல். வால்யூம் குமிழில் கரகரப்பு இருந்தால் அது சின்ன வேலைதான்.

செட்டப்புக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடி. இப்போது அந்தக் கம்பியே உனக்கு நேர்கோல். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் மேலே எவ்வளவு இடைவெளி தெரிகிறது பார். 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் நல்லது, ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழையும். அதைவிட அதிகமென்றால் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று இறுக்கு, இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று தளர்த்து. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகாதே. மரம் அசைய நேரம் கொடுத்து, மறுபடி ட்யூன் பண்ணி, மறுபடி பார். அதற்கப்புறம்தான் கம்பியின் உயரம்: பதினேழாவது ஃபிரெட்டில் ஈ ஸ்ட்ரிங் இரண்டரை மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் இரண்டு என்று ஆரம்பி. கடைசியில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடு. அழுத்திய சுரம் ஏறிக் காட்டினால், கீழ் முனையில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ளு. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டி வரும். ஐப்பசி மழை வந்ததும் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை கழுத்தைப் பார்த்துக்கொள், மரம் ஈரத்துக்கு அசையும்.

கம்பி என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். ஃபிளாட்வௌண்ட் போடு, மேலே தட்டையான நாடா சுற்றி வழவழப்பாக இருக்கும் கம்பி. அமெரிக்காவின் டெட்ராயிட்டில் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் கனமான ஃபிளாட்வௌண்ட் கம்பிதான் போட்டிருந்தார். சாதாரணமாக அதை மாற்றவும் மாட்டார். விரல் உரசும் சத்தம் இல்லாமல், தடிமனாக, பாட்டுக்கு அடியில் உட்காரும் சத்தம் அது. பாடகர் குழுவுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இனி ஆம்ப். வாட் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதே. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதற்குப் பதில் ஸ்பீக்கர் பெட்டியின் சென்ஸிட்டிவிட்டியைப் பார்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 97-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். டிரம்ஸோடு வாசிக்கிறவனுக்கு நூறு வாட் பத்தாது. முந்நூறிலிருந்து ஐந்நூறு வாட் ஹெட் (ஸ்பீக்கர் சேராத தனி ஆம்ப்) ஒன்றும், நல்ல பெட்டி ஒன்றும் உனக்குச் சரியாக இருக்கும்.

நாம் இளவட்டமாக இருந்தபோது போஸ்டரில் பார்த்து வாய் பிளந்த ஆம்பெக் எஸ்விடி ஞாபகம் இருக்கிறதா? 1969-இல் வந்தது, வால்வில் 300 வாட், எட்டு பத்து-இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெட்டி. பெட்டி மட்டுமே அறுபது கிலோவுக்கு மேல், அதனால்தான் அதை ஃபிரிட்ஜ் என்பார்கள். அதன் சத்தத்துக்கு இன்றைக்கும் நான் தலை வணங்குவேன். ஆனால் ஆம்பை எடை குறைத்த கிளாஸ்-டி தொழில்நுட்பம் வந்தபிறகு 500 வாட் ஹெட் இரண்டு கிலோ சொச்சத்தில் கிடைக்கிறது. உன் தம்பி மகன் அமெரிக்காவிலிருந்து சூட்கேஸிலேயே கொண்டுவந்துவிடலாம். ஒன்றே ஒன்று: அங்கே கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. ஆம்பின் பின்பக்கம் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா, அல்லது மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். 120 மட்டும் என்று போட்டிருந்தால் வேண்டாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு திரிவது, யாராவது ஒருநாள் மறந்து நேராகச் சொருகுவது, இதெல்லாம் வேண்டாத தலைவலி.

பெட்டியை இங்கேயே வாங்கு. இங்கே ஓம் (மின்தடை) கணக்கு முக்கியம், பொறுமையாகப் படி. ஹெட்டில் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருக்கும். 8 ஓம் பெட்டி ஒன்றைப் போட்டால், 500 வாட் ஹெட் அதில் 300 வாட் அளவுக்குக் கொடுக்கும். நாளைக்கு இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 4 ஓம், ஹெட்டின் முழு சக்தியும் வெளியே வரும், காற்றைத் தள்ளும் பரப்பும் இரண்டு மடங்காகும். முதலிலேயே 4 ஓம் பெட்டி வாங்கிவிட்டால் இரண்டாவதற்கு வழியில்லை. இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2 ஓம், ஹெட் சூடாகி நின்றுவிடும், அல்லது கருகிவிடும். அதனால் 8 ஓமில் இரண்டு பத்து-இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெட்டி ஒன்று இப்போது, தேவைப்பட்டால் அதே மாதிரி இன்னொன்று பிறகு. ஆம்பையும் பெட்டியையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான், ஸ்பீக்கான் முனை வைத்தது. கிடார் கேபிளை அங்கே சொருகவே கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்தக் கரண்டைத் தாங்காது.

ஊரில் தச்சரை வைத்துப் பெட்டி அடித்துவிடலாமா என்று கேட்டாயே, அளவு தெரியாமல் வேண்டாம். உள்ளே எத்தனை லிட்டர் காற்று, ஓட்டை எத்தனை இஞ்ச் ஆழம் என்பது அந்தந்த ஸ்பீக்கருக்கு ஏற்றபடி கணக்கிட வேண்டியது. கணக்குத் தப்பினால் ஒரு சுரம் குமுறும், அடுத்தது காணாமல் போகும், ஸ்பீக்கரின் ஆயுளும் குறையும்.

ஒரு சுரம் குமுறுவது பெட்டியால் மட்டும் வருவதில்லை, இடத்தாலும் வரும். இதை யாரும் நமக்கு அந்தக் காலத்தில் சொல்லித் தரவில்லை. சுவருக்குச் சுவர் நான்கு மீட்டர் உள்ள அறை, நம் ஊர் வெக்கையில், ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். அது ஈ ஸ்ட்ரிங்கின் முதல் ஃபிரெட், எஃப். அங்கே விரல் வைத்ததும் ஜன்னல் நடுங்கும், அதே அறையின் நடுவில் போய் நின்றால் அந்த சுரமே மெலிந்து போகும். மூன்று மீட்டர் சொச்சம் என்றால் திறந்த ஏ குமுறும். இதற்கு புதுப் பெட்டி வாங்கி ஒன்றும் ஆகாது. பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழு, மூலை கீழ் சத்தத்தை ஊதிப் பெருக்கும். அப்புறம் தரையில் வைக்காமல் நாற்காலி மேலோ ஸ்டாண்டிலோ ஏற்று, காதைப் பார்த்து லேசாகச் சாய்த்து வை. தரையில் இருந்தால் சுரத்தைத் தெளிவாகக் காட்டும் மேல் பகுதி உன் முழங்காலோடு போய்விடும். உனக்குக் கேட்காது, நீ கூட்டுவாய், கடைசி பெஞ்சில் இருக்கும் பாட்டிமார் காதைப் பொத்துவார்கள்.

ஈக்யூவை (கீழ், நடு, மேல் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) பற்றியும் இதே கதைதான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லாருக்கும் பிடிப்பது பேஸ் குமிழையும் டிரெபிள் குமிழையும் ஏற்றி நடுவைக் குறைத்த சத்தம். குழுவோடு சேர்ந்ததும் அது காணாமல் போகும். அடியில் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, மேலே கீபோர்டும் பாடுகிறவர்களும். உனக்கென்று மிச்சம் இருக்கிற இடம் நடுதான், 250-இலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை. 41 ஹெர்ட்ஸை நம் காது அதன் மடங்குகளான 82, 123 வழியாகத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. ராஜா சார் பாட்டுகளைச் சின்ன டிரான்ஸிஸ்டரில் கேட்டே நாம் பேஸ் வரிகளை எடுத்தோமே, அந்த ஸ்பீக்கரில் கீழ் சத்தம் ஏது? அவர் பேஸுக்கு ஒரு தனிப் பாட்டையே எழுதியிருப்பார், அவருக்கு பேஸ் வாசித்த சசிதரன் அதை ஒவ்வொரு சுரமும் தெளிவாக வாசித்திருப்பார், அதனால்தான் அந்த டப்பாவிலும் பின்தொடர முடிந்தது. நீயும் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து ஆரம்பி. டிரம்ஸும் கீபோர்டும் வாசிக்கிறபோது மட்டும் திருப்பு. தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், இருக்கட்டும்.

உங்கள் சர்ச்சில் சப்-ஊஃபரோடு சவுண்ட் சிஸ்டம் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால் கணக்கே மாறும். ஹெட்டின் பின்னால், மிக்ஸருக்கு நேராக அனுப்பவென்றே இருக்கும் டிஐ அவுட்டிலிருந்து மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால் கூட்டத்துக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உன் பெட்டி உனக்கும் பாடகர்களுக்கும் கேட்டால் போதும். ஜேமர்சனே ஸ்டுடியோவில் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸரில்தான் சொருகினார். டிஐ பக்கத்தில் 'பிரீ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிடு, நீ ஈக்யூவை மாற்றினாலும் மிக்ஸர்காரருக்குப் போவது மாறாது. ஹம் வந்தால் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைப் போடு. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதே, டேப் சுற்றாதே. கம்பியில் உன் கை இருக்கும், அந்தக் கம்பி எர்த்தோடு சேர்ந்தது. எர்த் இல்லாத இடத்தில் மைக்கில் வாய் பட்டால் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. திருவிழா மேடை, ஜெனரேட்டர் கரண்ட் என்றால் வாசிப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் எழுது: பாடகர் குழு நிற்கும் இடத்தின் நீள அகலம், அங்கே என்ன ஸ்பீக்கர் இருக்கிறது, டிரம்ஸ் நிஜமானதா எலெக்ட்ரானிக்கா. தம்பி மகன் பணம் கட்டுவதற்கு முன் ஹெட்டின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பட்டும், அதை எனக்குத் தள்ளிவிடு. வோல்ட்டும் ஓமும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்