நீலத்தைப் பற்றி மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இதைப் போனில் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். குரல் பதிவு போடப் பார்த்து மூன்று தரமும் பாதியில் அழித்துவிட்டேன். அதுதான் எழுதுகிறேன். நீ விட்டுப்போன இரண்டு பட்ஜிக் கிளியில் நீலம் செத்துப்போயிட்டு மனே. இன்றோடு 11 நாள். நீ ஒவ்வொரு இரவும் "எங்கம்மா அவன், ஏன் கதைக்கிறானில்லை" என்று கேட்கக் கேட்க, நித்திரை என்று சொல்லிப் போனைப் பச்சையின் பக்கம் திருப்பினேனே, அவ்வளவும் பொய்.

விடாமல் மழை பெய்த ஒரு காலை. கூண்டு விறாந்தையில், பச்சை அதற்குள். நீலம் வழக்கம்போல என் தோளில் தொற்றிக்கொண்டு குசினிக்குள் வந்து சட்டி பானை அடுக்குகிற றாக்கையில் ஏறிவிட்டது. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். முட்டை பொரிக்க நொன்ஸ்டிக் தாச்சியைக் காஸ் அடுப்பில் வைத்த நேரம் மீன்காரரின் கோன் சத்தம் கேட்டது, குடையை எடுத்துக்கொண்டு கடப்படிக்கு ஓடினேன், சூடை மீனுக்கு விலை பேசி, பக்கத்து வீட்டு அக்காவோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத் திரும்பினால் வெறும் தாச்சி கொதித்துக்கொண்டு கிடக்கிறது. பெரிதாகப் புகை இல்லை. எனக்கு இருமல்கூட வரவில்லை. நீலம் மட்டும் நிலத்தில் விழுந்து, வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட, என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தூக்கினேன். ஒரு எலுமிச்சங்காயின் பாரம்கூட இல்லை, ஆனால் என்ன சூடு. துவாயில் சுற்றி ஓட்டோ பிடித்தேன். கல்லடிப் பாலம் கழியுமுன் கண்ணை மூடிவிட்டது. எங்களுக்குப்போல இல்லை, அதற்குக் கீழ் இமைதான் மெதுவாக மேலே வந்தது.

மிருக வைத்தியர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது "அடுப்பில் என்ன இருந்தது?" என்றுதான். அந்தத் தாச்சியில் பூசியிருக்கிற டெஃப்லான் சூடு கூடினால், ஏறக்குறைய 260 பாகை செல்சியஸைத் தாண்டினால், ஒரு வாயுவை விடுமாம். வெறும் தாச்சி அந்தச் சூட்டுக்குப் போகச் சில நிமிடம் போதுமாம். பறவையின் உடம்புக்குள் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் காற்றில் என்ன இருந்தாலும் எங்களைவிட வேகமாக அதன் இரத்தத்தில் ஏறிவிடும். எனக்கு மூக்கில்கூடப் படாதது அதன் நெஞ்சை நிரப்பிவிட்டது. கிணற்றடிக் கொய்யாவுக்குக் கீழே புதைத்தேன்.

எனக்குள் குத்துவது எது தெரியுமா, தாச்சியை வைத்துவிட்டுப் போனது மட்டும் இல்லை. என்னை நம்பி வந்ததுதான் செத்தது. பயந்து கூண்டுக்குள் இருந்தது தப்பிவிட்டது. நீ கூண்டைத் தந்துவிட்டுப் போன அன்று, தினை எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன், வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோழி வளர்த்த கை, குருணலைத் தூவினால் வளரும் என்ற நினைப்பு. சின்னம்மா வந்து, உங்கட வீட்டுக்கு வர இருந்த கண்ணூறு குருவியோட போச்சு, விடு அக்கா என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. அது எங்களுக்காகச் சாகவில்லை, என் கவனக்குறைவால் செத்தது. அதை அப்படியே சொன்ன பிறகுதான் எனக்குக் கொஞ்சமாவது மூச்சு வந்தது.

இனி உனக்குச் சொல்லப் பயந்த காரணம். அந்தத் தாச்சி உன் முதல் சம்பளத்தில் நீ அனுப்பிய பெட்டியில் வந்தது. நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், பத்து வயதிலேயே கோழிக்குஞ்சு செத்ததற்குச் சோறு தின்னாமல் கிடந்தவன் நீ. கட்டாரில் அந்த அறைக்குள் தனியே இருந்துகொண்டு "நான் அனுப்பினதாலதான்" என்று ஒரு நாளும் நினைக்கக்கூடாது. அம்மாவின் கை வலிக்குது, பாரம் குறைந்த தாச்சி வேணும் என்று நீ அனுப்பினாய். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனவள் நான். இந்த ஒன்றில் நீ என் சொல் கேட்க வேண்டும் மனே.

தாச்சியை எடுத்துக் கட்டிவைத்துவிட்டேன், யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது இரும்புத் தாச்சியும் மண் சட்டியும்தான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி முற்றத்தில், நுளம்புத்திரியை நிறுத்திவிட்டு வலை கட்டிப் படுக்கிறேன். குசினிக் கதவு சமையல் முடியும்வரை பூட்டு.

பச்சை முதல் நாலு நாள் விடியற்காலையில் கத்திக் கத்திக் கூப்பிட்டது, பிறகு ஒரு மூலையில் இறகைப் பொம்மெனப் புடைத்துக்கொண்டு இருந்தது. அதுவும் சாகப்போகிறதென்று பயந்து மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நோய் ஒன்றும் இல்லை, இவை ஆஸ்திரேலியாவில் கூட்டங்கூட்டமாகத் திரிகிற சாதி, தனிமைதான் என்றார். முதலில் பக்கத்தில் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அது என்னைப் பார்க்கிற பார்வையில் குற்றம் சொல்வதுபோல. அப்புறம் யோசித்தேன், நான் கூசிக்கொண்டு தள்ளி நின்றால் அதற்கு இன்னும் தனிமைதானே. இப்போது காலையில் தேத்தண்ணியோடு அரை மணி நேரம் கூண்டடியில் இருந்து வாய்க்கு வந்ததெல்லாம் கதைக்கிறேன். முருங்கை இலைக் கொத்தைக் கட்டிவிட்டால் தலைகீழாகத் தொங்கித் தின்கிறது.

போன ஞாயிறு எங்கட கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் கடற்கரையில் நடந்து மூன்று கணவாய் ஓடு பொறுக்கிவந்தேன். சுண்ணாம்புச் சத்துக்கு நல்லதாம். உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, மழை விட்ட ஒரு வெயிலில் காயவைத்துக் கம்பியில் செருகினேன். ஒரு நாள் முழுக்கத் தூர நின்று பார்த்தது. மற்ற நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஓட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல்லுப்போல அலகு பதிந்த தடம், கூண்டுத் தட்டில் வெள்ளை மா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சோடிக்கு இன்னொன்று வாங்கத்தான் வேண்டும், ஆனால் இப்போதே இல்லை. வாங்கினாலும் ஒரு மாதம் வேறு கூண்டில் வேறு அறையில் வைக்க வேண்டுமாம், நோய் ஏதும் கொண்டுவந்தால் இதற்கும் தொற்றுமாம். அந்தச் சின்னக் கூண்டை முதலில் கழுவி எடுக்கிறேன், நீயும் கோபமோ அழுகையோ தீர்ந்து சொல்லு, பிறகு வாங்குவோம்.

இன்றைக்கு எடுக்கும்போது 7 மணிக்கு முன்னம் எடு, உனக்கு அப்போது நாலரைதான். அதற்குப் பிறகு பச்சை படுக்க வேண்டும், கூண்டுக்குத் துணி போட்டுவிடுவேன்.

அம்மா